ஒரு கரண்டி சிவப்பு

அன்புள்ள அம்மா,

நம் ஊர் கேட்டாவில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? லாகோஸில் நான் நலம்.

ஒரு தேவாலயச் சுவரொட்டிக்காக நான் தயாரித்த ஒளிரும் ரோஜா நிற மை, ஆஃப்செட் அச்சில் மங்கியே விழுந்தது. மெஷின்காரர் லுக்மன் எனக்குத் தெரியாமல் சாதாரணச் சிவப்பு மையை ஒரு கரண்டி கலந்திருக்கிறார்.

“சோகையா இருந்துச்சு தங்கச்சி, கொஞ்சம் தெம்பு குடுத்தேன்!”

“அந்தத் தெம்புலதான் அண்ணே ஒளியே செத்துச்சு!”

கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். நிறப்பொடியைக் கூட்டிக் கூட்டி அரைத்தேன். பதினோராவது தடவை அச்சிட்டபோது சுவரொட்டி கண்ணைப் பறித்தது.

“யம்மா, கண்ணு கூசுது!” என்றார்.

உங்கள் கை ஷிட்டோ மிளகாய்த் தொக்கு அனுப்புங்கள். சின்னப் புட்டி போதும், சாப்பிட நான் ஒருத்திதானே.

மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டார்கள், நான் ஓட வேண்டும். இந்தக் கடிதத்தோடு சுவரொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். வெயில் பட்டால் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். பரவாயில்லை, ஜன்னலிலேயே ஒட்டுங்கள். வெளுப்பதற்குள் வந்துவிடுவேன்.

உங்கள் செனா