தாழ்ப்பாளைக் கீழே இறக்கிட்டேன்

யசோ,

இப்பெல்லாம் நோவு இல்லாதவங்கதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்க. மார்பைத் தூக்கி வைக்க ஒரு ஒப்பரேசனாம். இப்பிடிச் சொன்னதுக்குத்தான் நீ முந்தாநாள்ல இருந்து அப்பாவோட பேசல.

நீ தூங்குற. முன்னால பொத்தான் வச்ச சட்டை வாங்க மடவளை டவுனுக்குப் போறேன். அதுவரைக்கும் என்னோட ரெண்டு சட்டை கதிரை முதுகுல கெடக்கு. தலைவழியா எதையும் மாட்டாத, கையைத் தூக்கக் கூடாது. சீனி, தேயிலை எல்லாம் மேல்தட்டுல இருந்து எறக்கிட்டேன். வாசக்கதவுத் தாழ்ப்பாளையும் கழட்டி உன் இடுப்பு உசரத்துல அடிச்சிட்டேன். எழும்பினதும் போட்டுக்க. ஒருத்தரையும் நம்பாத.

பக்கத்து வீட்டு பாலம்மா தலை சீவிவிட வருவா. பித்தப்பையில கல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன். மாத்திச் சொல்லிடாத.

நேத்து கண்ணாடி முன்னால நீ அழுதது கேட்டிச்சு. நர்ஸ் சொல்லும்போது நானும்தானே நின்னேன்? வீங்குமாம், மரத்துப்போகுமாம், ஒண்ணு மேல ஒண்ணு கீழ தெரியுமாம். எறங்கிச் சரியாக மாசக்கணக்காகுமாம். ஒரு பக்கம் மட்டும் செவந்து வீங்கினாலோ காய்ச்சல் அடிச்சாலோ மட்டும் கோவத்தை விட்டுட்டு எனக்குப் போன்ல கோல் எடு.

உங்கம்மா போனதுல இருந்து தனியாத்தான் சாப்பிடுறேன். நீ வந்தும் அப்பிடித்தான்.

எழுத மறந்தது: மல்லாந்தே படு. அந்த இறுக்கமான உள்சட்டையைக் கழட்டாத.

இன்னொண்ணு: ரெண்டு தட்டு கழுவி வச்சிருக்கேன். நான் வந்து தட்டினா பாலம்மாவை அனுப்பாத, நீயே வந்து தெற. பேசாட்டியும் பரவால்ல.

பஸ் சத்தம் கேக்குது, போறேன். நல்லா இருந்த ஒடம்பை எதுக்கு வெட்டிக்கிட்டன்னு எனக்கு இன்னும் வெளங்கல.