பச்சையாக முடிந்த பில்டு

வெள்ளி, இரவு

உலகத்தாருக்கு அறிவிப்பது யாதெனில், கடலில் பலத்த காற்று வருமானால் எச்சரிக்க என் அறைத்தோழன் ஸ்டீபன் எழுதிய செயலியின் பில்டில், அதாவது நிரலைத் தொகுத்துச் சரிபார்க்கும் ஓட்டத்தில், இன்று அதன் பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் லைப்ரரி சேர்க்கப்பட்டது. சேர்த்தவன் அடியேன். எந்த டெஸ்டிலும் தேறாத நான் எழுதிய டெஸ்டுகள் தேறிவிட்டன. பில்டு பிழை காட்டாமல் பச்சையாக முடிந்தது.

"பாத்தியா மச்சான், ஒரு தப்புகூட கெடையாது" என்றேன்.

ஸ்டீபன் உடனே கடப்பாக்கத்தில் மீன் பிடிக்கும் அப்பாவுக்குப் போன் போட்டான். "நைனா, டெஸ்ட்டு பண்ணியாச்சு. காத்து இல்லன்னு அது சொன்னா தைரியமா போட்டை எடுத்துகினு போ."

சாப்பிட்டு வந்து பில்டின் முழு அறிக்கையையும் படித்தேன். ஓடிய டெஸ்டுகள் பூஜ்யம். டெஸ்ட் கோப்புகளை நான் தவறான இடத்தில் வைத்திருக்கிறேன். பில்டு அவற்றைப் பார்க்கவே இல்லை. எதையும் சோதிக்காததால்தான் ஒரு தப்பும் வரவில்லை.

விடியுமுன் அவன் அப்பா செயலியை நம்பிக் கடலுக்குக் கிளம்பிவிடுவார். ஸ்டீபன் பக்கத்துக் கட்டிலில்தான் தூங்குகிறான். எழுப்பிச் சொல்ல வாய் வராமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.