கான்ட்ராக்ட் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை, அக்கா

எனக்குப் பிடிக்காத வெண்டைக்காயை என் தட்டிலிருந்து தானே பொறுக்கித் தின்றுவிடும் ஸ்டெல்லா அக்காவுக்கு,

அன்றைக்கு நான் சொல்லாதது இதுதான்: தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தேன். நீ வேலைக்குப் போகாமல் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். மடியில் பழைய துண்டு, துண்டுக்குள் நம் பூனை வெள்ளச்சி. அவளுடைய இடது காது கிழிந்திருந்தது. கண் வீங்கி மூடியிருந்தது. "தட்டித் தட்டியே தாப்பாள தெறந்துட்டாண்டி அவன். பாஞ்சி வந்து கடிச்சிட்டான். நான் தொடப்பத்த எடுக்கறதுக்குள்ள செவுரு ஏறி ஓடிட்டான்" என்றாய்.

உனக்குப் பின்னால், அவனை அடைத்து வைத்திருந்த அறையின் கதவைப் பார்த்தேன். அந்தத் தாழ்ப்பாள் என் தலைக்கு மேலே இருக்கிறது. தோளால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தால்தான் நகரும். அதை ஒரு பூனை திறந்ததென்றால் அந்தப் பூனையை எந்தக் கம்பெனியும் மெயின்டெனன்ஸுக்கு எடுத்துக்கொள்ளும். தெரிந்தும், "சரிக்கா, முதல்ல டாக்டர்ட்ட போவோம்" என்று மட்டும் சொன்னேன்.

மீதியெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாதவர்களும் படிக்கப்போகிறார்கள். நான் எதையும் வெளியே சொல்லாதவள் என்று நீதான் கேலி செய்வாய். இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

பென்னலூரில் அந்த இரண்டு அறை வீட்டை நாம் சேர்ந்து எடுத்து மூன்று வருஷம். நீ செய்யாறு பக்கம், நான் சாத்தூர் பக்கம். உனக்கு ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை, எனக்கு இருங்காட்டுக்கோட்டையில் குவாலிட்டி லேப். முதல் மாதம் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். "இன்னாடி நீங்க வாங்கன்னுகினு? நான் இன்னா உங்க ஹெச்ஆரா?" என்றாய். அன்றோடு 'நீ' ஆனாய், நான் உனக்கு 'மாலு' ஆனேன்.

வெள்ளச்சியும் மிட்டாயும் குட்டிகளாக வந்து நம்மோடு வளர்ந்தவர்கள். அவன் வந்தது போன மழைக்காலத்தில். சாம்பல் நிறம், பெரிய தலை, மூக்கில் பழைய வெட்டு. வராந்தா கம்பி வழியே கையை விட்டு மிட்டாயை அறைந்தான். சோறு வைத்தால் தின்றுவிட்டு, வைத்த கையையும் கீறினான். தெருவில் எல்லோரும் கல்லெறிந்தார்கள். நீதான், "பாவம்டி, எவனோ வளத்து வுட்டுட்டுப் போயிருக்கான். வெச்சிக்கலாம்" என்றாய். பெயரும் நீதான் வைத்தாய். "இதுங்க ரெண்டும் பெர்மனென்ட்டு. இவன் கான்ட்ராக்ட்டு. ஒத்துப் போனான்னா பெர்மனென்ட் ஆக்கலாம்."

எதையும் படித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது என் வழக்கம். "பூனைக்கு சோறு போடறதுக்கும் புக்கு பாப்பியா?" என்று சிரித்துக்கொண்டே நான் படித்துச் சொன்னதை எல்லாம் செய்தாய். முதலில் மாட்டாஸ்பத்திரியில் ஊசியும் ஆபரேஷனும். பிறகு பின்னறையில் அவனைத் தனியாக வைத்தோம். அவனும் இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது, வாசனை மட்டும் பழக வேண்டும். அவன் கன்னத்தில் தேய்த்த துணியை இவர்கள் தட்டுக்கு அடியில் விரித்தோம். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் இவர்களுக்கும் அந்தப் பக்கம் அவனுக்கும் ஒரே நேரத்தில் சோறு. சீறாமல் தின்றால் மறுநாள் தட்டை அரை அடி கதவுக்குப் பக்கத்தில் நகர்த்துவோம். சீறினால் பழைய இடத்துக்கே. "தட்டை அங்கிட்டு வைக்கா" என்பேன். "அங்கிட்டு இங்கிட்டுன்னா பூன கொயம்பிடும்டி, தமிழ்ல சொல்லு" என்பாய்.

அடுத்த கட்டம்தான் ஷிப்ட். தினமும் ஒரு மணி நேரம் அவன் முன்னறையில் தனியாக உலாவ வேண்டும். அந்த நேரத்தில் மற்ற இரண்டும் வராந்தாவில் அடைபட்டிருக்க வேண்டும். நீ ஒரு ஷிப்ட், நான் ஒரு ஷிப்ட், வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் நம் கம்பெனிகளில் செய்வதுபோலவே வேலையைப் பிரித்தோம். செகண்ட் ஷிப்டுக்குப் போகிறவள் மதியம் கிளம்பும் முன் இரண்டையும் வராந்தாவில் அடைப்பாள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வருகிறவள் பின்னறையைத் திறப்பாள். அடைப்பது ஒருத்தி, திறப்பது ஒருத்தி.

கொஞ்ச நாளில் அவன் மாறத்தான் செய்தான். முன்னறையில் வந்து வெள்ளச்சியின் சாக்கில் படுத்தான். கதவிடுக்கில் மிட்டாயின் வால் நுழைந்தபோது முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான். "இன்னும் ஒரு மாசம். ஆர்டர் குடுத்துடலாம்" என்றாய்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. போன வாரம் உன் வேலை திறப்பது, இந்த வாரம் உன் வேலை அடைப்பது. நீ போன வாரத்து வேலையைச் செய்தாய். லேபில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுதான் இது. ஷிப்ட் மாறின முதல் நாள், மனசு வேறெங்கோ இருக்கும்போது, கை பழைய வாரத்திலேயே இருக்கும். இரண்டு பூனைகளும் கட்டிலில் படுத்திருக்க, நீ தாழ்ப்பாளை இழுத்தாய்.

அவ்வளவுதான் அக்கா. யாருக்கும் நடக்கும். எனக்கும் நடந்திருக்கும். நான் அன்றைக்கு வாய் திறக்காததற்கு அதுதான் காரணம். நீயாக ஒருநாள் சொல்வாய் என்று நினைத்தேன். அதுவரை உன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

வெள்ளச்சிக்கு இடது கண் போய்விட்டது. நீ அழுதாய், நானும் அழுதேன். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நம் இருவரில் யார் வீட்டில் இருந்தாலும் பின்பக்கப் புதர் வரைக்கும் போய் அவனைத் தேடினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தே தேடினோம். நான் தட்டைத் தட்டுவேன். நீ, "கான்ட்ராக்ட்டு... டேய் கான்ட்ராக்ட்டு... வாடா ராஜா" என்று கூப்பிடுவாய். ஒருமுறை புதரில் சலசலப்புக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். கீரிப்பிள்ளை. "வந்துடுவான்டி, அயாத" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாய்.

ஏழாவது வாரம் காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். நான்காம் நாள் உன் அம்மாவின் போனிலிருந்து யாரோ பேசினார்கள். ஒரு காய்ச்சலுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை.

செய்யாற்றில் நடந்த உன் நினைவு ஜெபத்துக்கு உங்கள் கம்பெனி ஆட்கள் வேனில் வந்திருந்தார்கள். வேன் ஓட்டும் பாபு அண்ணன் ஜெபம் முடிந்ததும் என்னிடம் வந்து ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையை நீட்டினார். நம் வீட்டுக் கூடை. காய்கறிக்கு வைத்திருந்தது.

"இத குடுக்கணும்னு வண்டியிலயே வெச்சிக்கினு இருந்தேன்மா. அந்தப் பூனைய குடுத்தனுப்புச்சே, அந்தக் கூட."

"எந்தப் பூனையண்ணே?"

"மொரட்டுப் பூனம்மா. அன்னிக்கி மதியம் வண்டியாண்ட வந்து, 'இன்னிக்கி நான் லீவு, இத ஒரகடத்துல கேன்டீன் பின்னால வுட்டுடுங்கண்ணா'ன்னு அய்துகினே குடுத்துச்சி. 'நான்தான் மாத்தித் தெறந்துட்டேன், மாலு கைல சொல்லிடாதீங்க'ன்னுச்சி." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "அதுவே அப்பறமா சொல்லியிருக்கும்னு நெனச்சேன். உனக்குத் தெரியாதாம்மா?"

அந்தக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு செய்யாற்றிலிருந்து பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது, "டேய் கான்ட்ராக்ட்டு, வாடா ராஜா". ஒரகடத்தில் விடச் சொன்னவள் நீ. பென்னலூர்ப் புதரில் நின்று கூப்பிட்டவளும் நீ. என் கையைப் பிடித்தாயே, அந்த நேரம் உன் மனசில் என்ன ஓடியது? ஏழு வாரம் அது எப்படி முடிந்தது உன்னால்?

மாற்றித் திறந்ததற்கு எனக்கு உன்மேல் கோபமே இல்லை. அந்தத் தவறை அவன் தலையில் கட்டினாயே, அதற்குத்தான். உன் லைனில் ஒரு பெண்ணுக்கு நடந்ததை நீயே என்னிடம் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? பெர்மனென்ட் ஆள் மாற்றிப் பொருத்திய பாகத்துக்காகக் கான்ட்ராக்டில் இருந்த அவளை நிறுத்தினார்கள். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. "ஒரு வார்த்த கேட்டாங்களாடி அவள? கேக்கவே இல்ல. ஐடி கார்ட வாங்கிக்கினு கேட்டுக்கு வெளிய வுட்டுட்டானுங்க" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். அதைச் சொன்ன அதே நீதான் கூடையின் மூடியை அழுத்தி மூடியிருக்கிறாய். நான் படித்த கதைகளில் இறந்தவர்களை எல்லோரும் சீக்கிரம் மன்னித்துவிடுகிறார்கள். எனக்கு அது வரவில்லை.

ஒவ்வொரு வார லீவிலும் ஒரகடம் போனேன். மூன்றாவது வாரம் கண்ணில் பட்டான். கேன்டீன் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில். இளைத்திருந்தான், பின்னங்கால் ஒன்றைத் தூக்கி நடந்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "யாரோடதும்மா இது? யாரையும் கிட்ட சேக்க மாட்டேங்குது. ஆனா தெனம் அந்த வேன் வந்தா மட்டும் ஓடிப்போய் சுத்திச் சுத்தி மோந்து பாக்குது" என்றார்.

உடனே தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. உன் வார்த்தையை நம்பி ஹவுஸ் ஓனர் சரோஜா அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார் அல்லவா, கதவு திறக்கிற பூனை இந்தக் காம்பவுண்டில் கால் வைக்கக் கூடாது என்று? அவரிடம் போய் நின்றேன். வாசல் கேட் பக்கச் சுவரில் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இன்னும் இருந்தது. படத்தில் நீ அந்த மஞ்சள் சுடிதாரில் சிரித்துக்கொண்டிருந்தாய்.

"அம்மா, அந்தச் சாம்பல் பூனையைக் கண்டுபிடிச்சிட்டேன். கூட்டிட்டு வரட்டுமா?"

"எத்த? தாப்பா தெறக்கற பூனையவா? வோணவே வோணாம். என் பேத்தி தவயுது."

"அவன் தெறக்கலம்மா."

"ஸ்டெல்லாதான சொல்லிச்சி? செத்துப்போன பொண்ணு, அது இன்னா பொய்யா சொல்லிச்சி?"

உன் படத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். ஆமாம் என்றால் நீ பொய் சொன்னவள். இல்லை என்றால் அவன் காலைத் தூக்கிக்கொண்டு அங்கேயே கிடப்பான். உனக்காகப் பேச இந்தத் தெருவே இருந்தது. அவனுக்கு யார் இருந்தார்கள்?

"ஆமாம்மா. பொய்தான் சொன்னா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போன வாரத்து வேலை, கூடை, வேன், புதரில் நின்று கூப்பிட்டது.

சரோஜா அம்மா காய வைத்த மிளகாயைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "தாப்பா சரியா இருந்துச்சின்னு அன்னிக்கே தெரியும்ன்ற. இத்த அவ இருக்கசொல்லோ கேக்கறதுக்கு இன்னா உனக்கு?" என்றார்.

அதையேதான் நானும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன், அக்கா. அன்றைக்கு மூன்று மணிக்கே, "நீதான் திறந்தியாக்கா? பரவாயில்லக்கா" என்று கேட்டிருந்தால் நீ உடைந்துபோய் வேன் விஷயத்தைச் சொல்லியிருப்பாயோ? நாம் சாயங்காலத்துக்குள் அவனைத் திருப்பிக் கொண்டுவந்திருப்போமோ? நான் கேட்க மாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. என் அந்தக் குணத்தை நம்பித்தான் நீ பொய்யே சொன்னாய் என்று சில சமயம் தோன்றுகிறது. அது இன்னும் அதிகமாக வலிக்கிறது.

"கொண்டா. ஆனா கதவாண்ட நீயேதான் நிக்கணும்" என்றார் சரோஜா அம்மா. நான் படியிறங்கும்போது, "அவ அம்மாகிட்ட மட்டும் போய் இத சொல்லிக்கினு இருக்காத" என்றார்.

உன் அம்மாவிடம் நானாகச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டால் மறைக்க மாட்டேன். உனக்கு நான் தரும் வாக்கு இவ்வளவுதான்: இனி எவர் என்ன தவறு செய்தாலும், தெரிந்துகொண்டு சும்மா இருப்பதை அன்பு என்று நினைக்க மாட்டேன். கான்ட்ராக்ட் ஒத்துப் போகாவிட்டாலும் அவனை வெளியே விட மாட்டேன். ஆயுசு முழுக்கப் பின்னறையில் இருந்தாலும் இருக்கட்டும். உன்மேல் கோபம் தீரும்போது செய்யாறு வருகிறேன். அதுவரை கல்லறைக்கு வர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அவனைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். அடைப்பதும் திறப்பதும் இப்போது நான் ஒருத்திதான். ஐந்து வாரத்துக்குப் பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை, கதவை நான்கு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துச் சோறு போட்டேன். மிட்டாய் வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்து தின்றான். கான்ட்ராக்ட் சீறவில்லை. வெள்ளச்சிக்கு அவன் வாசனை பட்டதும் உடம்பு நடுங்கியது. அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை, அன்றைக்கு முழுக்க எதுவும் தின்னவில்லை.

நீ எல்லோரிடமும் 'என் தங்கச்சி' என்று சொல்லிக்கொண்டிருந்த,
மாலதி