மாலை போட்டவரின் இடது கால்

மார்கழி 9, புதன்
விடியலிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. கோலமாவு தரையில் நிற்கவில்லை. பூஜை முடிந்தது. பால் கணக்கு எழுதியாச்சு.
களத்தில் கொப்பரை காய்கிறது. பழனிக்கு மாலை போட்டதிலிருந்து வீட்டுக்காரர் வெறுங்கால்தான், உச்சிவெயிலில் சிமெண்டுக் களத்திலும்.
"சுடலீங்களா?"
"முருகன் கூட இருக்கறப்ப என்ன சூடு அம்மிணி."
எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்கழி 11, வெள்ளி
வீடு துடைத்தேன். துடைத்த தரையில் அவர் நடந்துபோன வழியெல்லாம் இடது அடிக்கு மட்டும் மஞ்சள் கறை. உட்காரவைத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போன தோல், நடுவில் துளை, ஈரம், லேசாக நாற்றம். உள்ளே கொட்டாங்குச்சிச் சில்லு. எப்போது குத்தியதென்று அவருக்கே தெரியாது.
"வலிக்கவே இல்லைங்கறேன். வலிச்சாத்தான புண்ணு."
இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தேன். இடது மட்டும் அனல். திருநீறும் மஞ்சளும் வைத்துத் துணி சுற்றினேன். பிறகுதான் எப்போதோ பத்திரிகையில் படித்தது ஞாபகம்: இவரைப் போலச் சர்க்கரைக்காரருக்குக் கால் மரத்துப்போனால் வலி வராது. வலி வராததுதான் பயம்.
நாளை ஆஸ்பத்திரி. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்கழி 12, சனி
பாலக்காடு. பஸ்ஸிலும் வெறுங்கால்தான். பிடிவாதம்.
நர்ஸ் மலையாளத்துப் பெண். துணியைப் பிரித்து, "சேச்சி, இது பஸ்மம் அல்லே? இதைப் பூசப் புண்ணுக்கு நெத்தி கிடையாது" என்றாள்.
டாக்டர் ஒரு நைலான் நரம்பை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, அது உள்ளங்காலைத் தொடும்போது சொல்ல வேண்டும். இவர் கண்ணை மூடியபடியே, "ஆரம்பிங்க டாக்டர், பஸ்ஸுக்கு நேரமாவுது." டாக்டர் அதற்குள் தொட்டு முடித்து நரம்பைப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தார். நர்ஸ் சிரித்தாள், நானும். வராந்தாவுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.
செய்தது: காய்ப்பைச் சீவி, சில்லு எடுத்தார்கள். சீழ் பரிசோதனைக்குப் போயிற்று. ஒரு கருவியில் கால் நாடியின் சத்தம் கேட்டது. ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதாம். எக்ஸ்ரேயில் இப்போதைக்கு எலும்பு சுத்தம், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் உறுதி. சீழ் எலும்பில் ஏறியிருந்தால் விரலை எடுக்க வேண்டி வரும்.
இன்சுலின், மாத்திரை. இடது காலை அழுத்தி ஊன்றக் கூடாது. புண்ணில் பாரம் படாத தனிச் செருப்பு. அது இல்லாமல் ஓர் அடிகூட வேண்டாம்.

மார்கழி 13, ஞாயிறு
சண்டை. "மாலையப் போட்டுட்டுச் செருப்பா? சாமி குத்தமாயிரும்." மதியம் சாப்பிடவில்லை.
குருசாமி வீட்டுக்கு ஓடினேன். இவருக்கு மாலை போட்டுவிட்டவர், எங்கள் பாதயாத்திரைக்குத் தலைவர். உடனே வந்தார்.
"ஏஞ்சாமி, கால அழுக உட்டுப்போட்டு எதுல நடக்கப்போறீங்க?"
"நேந்தது நேந்ததுதானுங்களே."
"அரிசி மூட்டை டெம்போவுலதான பழனிக்கு வருது? முருகன் வேண்டாம்னா சொன்னாரு? நீங்களும் ஏறிக்குங்க. வழி நெடுக வெங்காயம் உரிங்க. அதுதான் இந்த வருசம் உங்க காவடி."
இவர் கால் கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "செருப்பு?"
"அதுக்கு எம்பட உத்தரவு."
இரவு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் பூஜை அறையில் கொஞ்சம் அழுதேன். நல்ல அழுகைதான்.

மார்கழி 18, வெள்ளி
கட்டு மாற்றினேன். நாற்றம் இல்லை. தினமும் உள்ளங்காலுக்குக் கீழே முகக்கண்ணாடி பிடித்துப் பார்க்கிறோம். "எம்மூஞ்சியக்கூட இப்படிப் பாத்ததில்ல நீ" என்கிறார்.
மாவு அரைக்க வேண்டும். உளுந்து தீர்ந்தது.

மார்கழி 26, சனி
காற்று ஓய்ந்திருந்தது. மறுபடி எக்ஸ்ரே எடுக்கப் பாலக்காடு. பஸ்ஸில் இவர் மாலையை உருட்டிக்கொண்டே வந்தார்.
எலும்பு சுத்தம். புண் ஓரமெல்லாம் சிவப்பாகப் புதுத் தசை. "விரல் உங்களுக்கே" என்றார் டாக்டர். முருகா.
சாயந்திரம் எங்கள் வீட்டில் பஜனை. இவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பாட்டு அப்பறம். மொதல்ல எல்லாரும் காலக் காட்டுங்க" என்றார். சாமிகள் சிரித்துக்கொண்டே வரிசையாக நீட்டினார்கள். குருசாமி மட்டும் வேட்டிக்குள் காலை மடக்கிக்கொண்டார்.
"உங்களுக்கும் சர்க்கரை உண்டுங்களே?"
"இருக்குது, கொஞ்சம்."
"டார்ச்ச இங்க புடி அம்மிணி."
பிடித்தேன். குதிகால் வெடிப்பு ஆழமாக, உள்ளே ரத்தம் காய்ந்திருக்கிறது.
திங்கள் காலை பாலக்காட்டுக்கு முதல் பஸ். மூன்று டிக்கெட்.