அடுப்புப் பரணில் காய்ந்த ரிவால்வர்

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இன்று கருவாடு போடுகிறார்கள். மழை விடவில்லை. வெயிலுக்குக் காத்திராமல் மீனை அடுப்புக்கு மேலே பரணில் பரப்பிவிட்டார்கள். அந்தப் புகை என் ஜன்னலுக்குள் வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். மச்சினனைப் பார்க்கக் கட்சால் தீவுக்குப் போன நீ அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாய். கப்பலில் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உருகி எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். பஸ்ஸில் கராச்சர்மாவுக்கு வந்தாய். கையில் சணல் பை, மேலாக வாழைக்காய்.

"மாப்ளே, ஒரு சாமான் பாக்கணும். கதவச் சாத்து."

வாழைக்காயை எடுத்தால் அடியில் துணியில் சுற்றிய ரிவால்வர். பெரார்கஞ்சில் சர்க்கார் உனக்குக் கொடுத்த நிலத்தில் பாக்குக் கன்றுக்குக் குழி தோண்டும்போது மண்வெட்டியில் தட்டியதாம்.

போலீஸ் அவுட்போஸ்டில் ஒரு ரிவால்வர் குறைகிறது என்று அப்போது தேடிக்கொண்டிருந்தார்கள். எப்போது போனது என்று அவர்களுக்கே தெரியாது. ஜீப் வீடு வீடாக நின்றது. உன் பெயரில் ஒரு கேஸ் விழுந்தால் நிலம் கைவிட்டுப் போகும், நீ உள்ளே போவாய். துருவைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. ஒரே மழைக்காலத்தில் புதுக் கத்தியையும் கிழடாக்கிவிடும் ஊர் இது.

"ஜப்பான்காரன் விட்டுட்டுப் போனதுதானடா?" என்று கேட்டாய். இங்கே மண்ணுக்குள் எது அகப்பட்டாலும் அவன் தலையில்தான் போடுவார்கள்.

"இல்ல. ஜப்பான் ரிவால்வர்ல சுத்தியலுக்குக் கொம்பு கிடையாது, கட்டைவிரலால இழுக்க முடியாது. இதுல இருக்கு. இது இங்கிலீஷ்காரன் செஞ்சது."

உன் முகம் வெளுத்துப்போனது. மேல்பட்டையில் பொறித்திருந்த அம்பைத் தொட்டுக் காட்டினாய். "அம்பு போட்டா சர்க்காரி சாமான்னு எனக்கும் மாலும்டா. கடப்பாரையிலகூடப் பாத்திருக்கேன். அப்ப இது போலீஸ்காரனோடதுதான். நிலம் போச்சு."

"பட்டாளத்துச் சாமானுக்கும் அம்புதான். சும்மா இரு" என்றேன். இன்று நான் படகு எஞ்சின் ஃபிட்டர்தான். ஆனால் மெயின்லேண்டில் பட்டாளத்துப் பட்டறையில் ஆயுதப் பழுதுக்குப் பயிற்சி எடுத்தவன் என்பதால்தான் நீ என்னிடம் வந்தாய்.

அப்புறம்தான் சிலிண்டரைப் பக்கவாட்டில் பார்த்தேன். எல்லா அறையிலும் தோட்டா இருந்தது. சுற்றியிருந்த துணியில் புகை நாற்றம்.

"இத எங்க வச்சிருந்த?"

"அடுப்புப் பரண்ல. ஈரமா இருந்துச்சு, காயட்டும்னு."

"அடுப்பு எரிஞ்சுதா?"

"எரியாம என்ன? உன் தங்கச்சி பச்சையாவா சோறு போடுவா? கருவாட்டுக்குப் பக்கத்துலதான் கிடந்துச்சு."

விறகு, தேங்காய், நனைந்த செருப்பு, எல்லாம் இந்தத் தீவில் அடுப்புக்கு மேலேதான் போகும். நீ தோட்டா நிரம்பிய ரிவால்வரைப் போட்டிருக்கிறாய். கீழே உன் மனைவி குனிந்து ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள். "பாகல்" என்று திட்டினேன். "அதான் வெடிக்கலையேடா" என்றாய். சொல்லி முடித்த பிறகுதான் உனக்கே விஷயம் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

கொல்லையில் மண்மேட்டைப் பார்த்து ரிவால்வரைப் பிடித்துக்கொண்டு, குழலைத் திறக்கும் தாழை அழுத்தினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு மறுபடி அழுத்தியபோது குழல் முன்னால் மடிந்தது. பச்சை பூத்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைக்கும்வரை நான் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை. நீ தூரப் போகாமல் பின்னாலேயே நின்றாய். "தள்ளிப் போடா" என்றால், "வெடிச்சா ஆஸ்பத்திரிக்கு உன்னை யாரு தூக்குறது?" என்றாய்.

பட்டையைத் துடைத்ததும் 'மார்க் ஆறு' என்ற மாடல் பெயர் தெரிந்தது. பக்கவாட்டில் 1917. ஆனால் வருடம் செய்த காலத்தைத்தான் சொல்லும், புதைத்த காலத்தைச் சொல்லாது. அதனால் அளவெடுக்கும் வெர்னியரைக் குழல் வாயில் வைத்தேன். பதினோரு மில்லிமீட்டருக்கு மேல். இங்கே போலீஸ்காரர்கள் வைத்திருப்பது ஒன்பது சொச்சம். "இது அவங்களோடது இல்ல. எழுந்திரு, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன்.

ஸ்டேஷனில் நான் சொன்னதை எல்லாம் அதிகாரி கேட்டார். தன் ரிவால்வரை உருவி இதன் குழல் வாயோடு வைத்துப் பார்த்தார். உன் பெயர், ஊர் கேட்டுக்கொண்டு, "நீ போகலாம்" என்று இந்தியில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தும்கோ இத்னா கைசே மாலும்?"

இவ்வளவு எப்படித் தெரியும் என்ற அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. பயிற்சி பெற்றவன் என்றேன். சான்றிதழ் எங்கே என்றார். குவார்ட்டர்ஸில் என்றேன். எடுத்துவர ஒரு கான்ஸ்டபிளை அனுப்பிவிட்டு என்னை பெஞ்சில் உட்காரச் சொன்னார். குரலில் மரியாதை போயிருந்தது. காணாமல் போன ரிவால்வருக்கு ஆள் கிடைத்துவிட்டான் என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது.

நீ போயிருக்கலாம். நிலம் தப்பிவிட்டது, பஸ்ஸும் இருந்தது. நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "ஜாவ்" என்று அதிகாரி கையை ஆட்டினார். எழுந்து நின்று, உன் ஓட்டை இந்தியில், "சாத் மே ஆயா சாப், சாத் மே ஜாயேகா", கூட வந்தேன், கூடத்தான் போவேன் என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாய்.

கான்ஸ்டபிள் காகிதத்தோடு வந்து, அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் படித்து என்னை விடும்வரை நாம் அந்த பெஞ்சிலேயே இருந்தோம். உன் முழங்கால் நடுங்கி என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தது. "ஆட்டாதடா" என்று முணுமுணுத்தேன். "நான் எங்க ஆட்டுறேன், அதுவா ஆடுது" என்றாய்.

உன்னைத் தைரியசாலி என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவன் அப்படி இல்லை. போகலாம் என்று சொன்ன பிறகும், நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தவன். எதற்காவது பயந்து உட்கார்ந்திருக்கும்போது இப்போதும் உன் முழங்கால் என் முழங்காலில் இடிக்கிறது. கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறேன்.