மெக்கானிக்கின் காது

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம்தானே? மகள் வீட்டில் உனக்குத் தனி அறையாமே. ஜன்னல் கீல் கிறீச்சிட்டால் மாப்பிள்ளையிடம் சொல்லி எண்ணெய் விடச் சொல்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காதுதான் சோறு போடுகிறது. மற்றவர்கள் தங்கள் மாடி எப்போது வரும் என்று நிற்பார்கள். நான் எது அறுந்து விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் காதைக் கழற்றி வைக்க முடியுமா? நீ சிரித்தால், "என்னத்த மறைக்கிற?" என்று கேட்பேன். சும்மா இருந்தால், "என்ன கோபம்?" என்பேன்.

"நல்லா ஓடுற எதையும் விட மாட்டீங்களா? என்னையும் கழட்டிப் பாத்துட்டுத்தான் ஓய்வீங்க போல" என்று சொல்லிவிட்டுத்தானே பையைத் தூக்கினாய்.

நீ போனதிலிருந்து வீட்டில் ஏதோ ஒரு சத்தம். மின்விசிறி, ஃபிரிட்ஜ், குழாய் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் பழுதில்லை.

நேற்று போனில், "இங்க நல்லா தூங்குறேன்" என்றாய். வழக்கம்போலக் காது கொடுத்துக் கேட்டேன். நம் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, உன் குரலில் ஒரு கோளாறும் எனக்குக் கேட்கவில்லை.

அதிலிருந்து எனக்குத்தான் தூக்கமில்லை.

உன் மெக்கானிக்