நான் பறித்துக்கொண்ட மழை நாள்

புண்களைக் கட்டுகிறவரும் நெஞ்சில் மறைத்ததை அறிகிறவருமான ஆண்டவரைப் பணிந்து எழுதுகிறேன்.

இன்று காலை மருமகள் ஊறுகாய்க்காக வினிகர் புட்டியைத் திறந்தாள். அந்தப் புளித்த நெடியோடு நீயும் அடுக்களைக்குள் வந்துவிட்டாய், தோழி. கருப்பை வாய்ப் புற்றை முன்னதாகக் கண்டறியும் உன் பரிசோதனை அறையில் எப்போதும் இந்த நெடிதான். நீ மண்ணுக்குள் அடங்கி மூன்று மழைக்காலம் ஆயிற்று. உன்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் அடங்கவில்லை.

விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையில் ஒருத்தி ஒரு நாள் வராவிட்டால், மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி அமர்ந்திருப்பாள். ஆகவே செவிலியான நீ நாட்காட்டியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தாய். மழை பெய்தால் வெடிமருந்து காயாது, ஆலை திறக்காது. அன்றே உன் முகாம். நானோ தமிழ் கற்பித்து ஓய்ந்தவள், அப்பெண்களுக்கு வேதம் விளக்கியவள். என்னிடம் தலைகுனிந்து ஸ்தோத்திரம் சொல்வார்கள்; உன்னிடம் வாய்விட்டுச் சிரிப்பார்கள், அழுவார்கள். அழுக்காறு தீதென்று ஆண்டுதோறும் செய்யுள் நடத்திய என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அந்த ஆவணி மழை நாளில் உன் முகாம் பத்து மணிக்கு என்று அறிந்தே, ஒன்பதரைக்கு ஆலய மணியை அடித்து உபவாச ஜெபம் அறிவித்தேன். பெண்கள் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வருந்தி, மீட்பரின் ஆடை ஓரத்தைத் தொட்டுச் சுகமானவளைப் பற்றி உருகிப் பேசினேன். முன்வரிசையில் ஆலைத் தொழிலாளி பொன்னுத்தாய் விம்மினாள். என் பேச்சின் வன்மை என்று மகிழ்ந்தேன்.

நீ குடையையும் மீறி நனைந்து வந்து கடைசிப் பாயில் அமர்ந்திருந்தாய். ஆமென் சொன்னதும் பொன்னுத்தாய் என்னைக் கடந்து உன்னிடம் போனாள்.

"நாலு மாசமா நிக்கவே இல்ல சிஸ்டர்."

உதிரம் பெருகியவளை எதிரே வைத்துக்கொண்டா நான் பேசினேன்! ஆனாலும் வெட்கத்திற்கு முன் பொறாமையே வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நீ பரிசோதனைக்கு அழைத்தும் ஒருத்தியும் எழவில்லை.

"உள்ள என்னத்தையோ வச்சுப் பாப்பாகளாம். வெக்கக்கேடு!" என்றாள் ஒருத்தி.

பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "டீச்சரம்மா முன்னால போகட்டும், நான் பின்னால வாறேன். அம்புட்டு வசனம் சொல்றவுகளுக்குமா பயம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்காமல் குடையை விரித்து என் பக்கம் நீட்டினாய்.

திரைக்குப் பின்னே படுத்த என்னிடம் நீ சொன்னாய்: "ஊறுகாய்க்கு ஊத்துற வினிகர் மாதிரிதான் டீச்சர். ஒரு நிமிஷம். மூச்ச விடுங்க."

எனக்கு ஒன்றுமில்லை. பொன்னுத்தாய்க்கோ வினிகர் பட்ட இடம் வெள்ளையாக மாறிற்று; அது புற்றின் அறிகுறி என்றாய். நாம் இருவருமே அவளை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். தொடக்க நிலைதான் என்றார்கள், பிழைத்தாள். திரும்பும் பேருந்தில் நீ சன்னலைப் பார்த்தபடி சொன்னாய்: "இனிமே மழை பேஞ்சா நீங்களே மணியடிங்க டீச்சர். உங்க மணிக்குத்தான் கூட்டம் வருது. எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருக்கு."

அதைத் தவிர, அந்த மணியைப் பற்றி நீ ஒரு சொல்லும் சொன்னதில்லை.

சென்ற ஞாயிறு பொன்னுத்தாய் சபையில் சாட்சி சொன்னாள். உன் பெயரைத்தான் முதலில் சொன்னாள். நெஞ்சு சுருக்கென்றது.

இப்போது வானம் இருண்டு வருகிறது. புதிய செவிலி பத்து மணிக்கு வந்துவிடுவாள். ஒன்பதரைக்கு மணியடிப்பேன். ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு, நீ விட்டுப்போன குடையோடு அவர்களுக்கு முன்னே நடப்பேன்.

இதை வாசிக்கும் உங்கள் இல்லத்துப் பெண்களின் நோவு மறைந்திராமல், காலத்தே கேட்கும் செவியைச் சேரட்டும். உங்கள் வீட்டில் ஆண்டவரின் சமாதானம் தங்குவதாக.